முற்றிய நிலையிலும் கேட்க வேண்டிய கேள்விகள்

புற்றுநோய், தான் தோன்றிய உறுப்பை விட்டு, இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ கல்லீரல், எலும்பு, மூளை போன்ற தொலைவான உறுப்புகளில் குடியேறிவிட்ட நிலையையே மருத்துவர்கள் பெரும்பாலும் நான்காம் நிலை என்று வகுக்கின்றனர். தமிழ்நாட்டில் இந்தச் செய்தி பல வேளைகளில் நோயாளிக்குச் சொல்வதற்கு முன்பே அவருடைய மனைவிக்கோ கணவருக்கோதான் சொல்லப்படுகிறது. மருத்துவரின் அறையில் சில நிமிடங்களில் கேட்ட அச்செய்தியைச் சுமந்துகொண்டு வெளியே வருபவர் அடுத்ததாக வந்து அமரும் இடம் மருத்துவ சமூகப் பணியாளரின் மேசை. மருத்துவர் சொன்னதைக் குடும்பத்துக்கு விளங்கும்படி எடுத்துரைப்பதும், காப்பீட்டுக்கு வழிகாட்டுவதும், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தங்குமிடம் தேடித் தருவதும், நோயாளியும் குடும்பத்தாரும் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசத் துணைநிற்பதுமே இப்பணியாளரின் தொழில். அந்த மேசைக்குப் பின்னால் நெடுங்காலம் அமர்ந்திருந்த ஒருவரின் அனுபவத்திலிருந்து திரண்ட இக்கட்டுரை வலியுறுத்துவது ஒன்றையே: முற்றிய புற்றுநோயிலும் நம்பிக்கைக்கு இடம் உண்டு, ஆனால் நோயைப் பற்றிய துல்லியமான அறிவின்மீது நிறுத்தப்படும்போதுதான் அந்த நம்பிக்கை நிலைக்கிறது.

துணைவர்கள் கேட்கும் முதற்கேள்வி, ஏறத்தாழ எல்லோரிடமும், “எத்தனை நாள் தாங்குவார்?” என்பதாகவே இருக்கிறது. அக்கேள்வி இயல்பானதே எனினும், நான்காம் நிலை என்ற பெயர் மட்டும் அதற்கு விடையளிப்பதில்லை. கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களின் பாதிப்பு, தொலைப்பரவல் ஆகிய மூன்றையும் கொண்டு வகுக்கப்படும் நிலை, நோய் எதுவரை சென்றிருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, அது மருந்துக்கு எவ்வளவு கட்டுப்படும் என்பதை முழுமையாகக் காட்டுவதில்லை. விந்தகப் புற்றுநோய் நுரையீரல்வரை பரவிய பிறகும், சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை அடிப்படையாகக் கொண்ட கீமோ சிகிச்சையால் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. 55 வயதுக்கு உட்பட்டவருக்கு வரும் பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைத் தைராய்டு புற்றுநோய் தொலை உறுப்புக்குப் பரவியிருந்தாலும் இரண்டாம் நிலையாகவே கணக்கிடப்படுகிறது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலில் ஓரிரு இடங்களில் மட்டும் பரவியிருக்கும்போது அவற்றையும் அறுவைசெய்து அகற்றிக்கொண்டு பல்லாண்டு வாழ்பவர்கள் உண்டு. ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் எலும்பில் மட்டும் பரவியவர்களில் பலர் மாத்திரைகளின் துணையோடு ஆண்டுக்கணக்கில் வீட்டு வேலையும் அலுவலக வேலையும் பார்த்து வருகின்றனர். மறுபுறம், கணையப் புற்றுநோய் பரவிய நிலையில் கண்டறியப்பட்டால், காலம் பெரும்பாலும் மாதக்கணக்கிலேயே அமைகிறது. ஆகவே, “எத்தனை நாள்?” என்பதற்கு முன்னால் “எந்த வகை?” என்று கேட்கும்படி துணைவரை வழிப்படுத்துவதே பணியாளரின் முதல் வேலையாகிறது.

வகையை உறுதிசெய்வது திசுப் பரிசோதனை, அதாவது கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் பயாப்ஸி. “சதை எடுத்துப் பார்த்தா நோய் பரவிடும்” என்ற அச்சம் கிராமங்களில் மட்டுமின்றி நகரங்களிலும் வலுவாக இருக்கிறது. ஊசி சென்ற பாதையில் நோய் பரவுவது மிக அரிது என்பதையும், திசுவை ஆராயாமல் தொடங்கும் சிகிச்சையால் விளையும் கேடு அதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதையும் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் அடினோகார்சினோமா என்னும் வகையில், செல்களை இடைவிடாமல் பெருகத் தூண்டும் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருக்கிறதா என்பது கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். புகைப்பழக்கமே இல்லாதவர்களிடம் இம்மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு, இம்மாற்றம் உள்ளவர்களிடம் ஜெஃபிடினிப் மாத்திரை கீமோவைவிட நீண்ட காலம் நோயைக் கட்டுப்படுத்தியதையும், மாற்றம் இல்லாதவர்களிடம் அதே மாத்திரை கீமோவைவிடப் பின்தங்கியதையும் நிறுவியது. ஏஎல்கே என்னும் வேறொரு மரபணு மாற்றத்துக்கான லோர்லாடினிப் மருந்தைச் சோதித்த கிரௌன் ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் 60 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறாமல் இருந்தது. அதற்கு முந்தைய மருந்தான கிரிசோடினிப்பைப் பெற்றவர்களில் அவ்வாறிருந்தவர்கள் 8 சதவீதத்தினரே. இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தீர்மானிப்பது ஒரு சோதனை அறிக்கை என்பதால், அது வரும்வரை ஓரிரு வாரம் காத்திருப்பதைப் பலர் நினைப்பதுபோல் வீணான தாமதமாகக் கருதக் கூடாது. நோயாளியின் உடல்நிலை இடம்தருமானால், அக்காத்திருப்பே சிகிச்சையின் முதற்படி.

எடுக்கப்பட்ட திசு மெழுகில் பதிக்கப்பட்டு ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆய்வகத்தார் அதை பிளாக் என்பர். வேறொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்கவோ, பின்னாளில் புதிய மரபணுச் சோதனை செய்யவோ அந்த பிளாக்கும், அதிலிருந்து சீவியெடுத்த மெல்லிய திசு ஒட்டப்பட்ட கண்ணாடிச் சில்லுகளும் தேவைப்படுகின்றன. அச்சிட்ட அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு நெடுந்தொலைவு பயணம் செய்து, பிளாக் இல்லாததால் மீண்டும் பயாப்ஸிக்கு உட்பட நேர்ந்த நோயாளிகளை இத்துறையினர் அனைவரும் கண்டிருக்கின்றனர். எனவே, பிளாக், சில்லுகள், ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகடு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம் ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வைக்கும்படி முதல் நாளிலேயே சொல்லப்படுகிறது. படிக்கத் தெரியாத துணைவரும் செய்யக்கூடிய இந்த எளிய வேலை, கையறு நிலையில் இருப்பவருக்கு ஒரு பிடிமானத்தையும் தருகிறது.

இரண்டாவது கருத்துக் கேட்டால் மருத்துவர் மனம் நோவாரோ என்ற தயக்கம் பல குடும்பங்களில் உண்டு. முற்றிய புற்றுநோயில் இரண்டாவது கருத்து மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை என்பதால், இத்தயக்கம் தேவையற்றது. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்துவழிச் சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவர், திசுவியல் நிபுணர், ஸ்கேன் நிபுணர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து ஒரு நோயாளியின் சிகிச்சையை முடிவுசெய்யும் டியூமர் போர்டு என்னும் கூட்டம் நடைபெறும் மருத்துவமனையில் அக்கருத்தைப் பெறுவதே சிறந்தது. உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை தமிழ்நாட்டு மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. 2012இல் உருவாகி, மும்பை டாடா நினைவு மையத்தின் ஒருங்கிணைப்பில் இயங்கும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, நாடெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை இணைத்துப் பொதுவான சிகிச்சை நெறிகளை வகுத்து வெளியிடுகிறது. இரண்டாவது கருத்து முதலாவதோடு ஒத்துப்போகுமானால் அங்கேயே நின்று சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். நான்காவது, ஐந்தாவது கருத்தைத் தேடி ஊர் ஊராக அலைவதில் பணம் கரைவதைவிட நோயாளியின் உடல்வலு கரைந்துவிடுவதே பேரிழப்பு.

இந்த உடல்வலு என்பது அளவிடப்படும் ஒன்று. புற்றுநோய் மருத்துவர்கள் நோயாளியின் செயல்திறனை, வழக்கம்போல் நடமாடுபவருக்குச் சுழியம் தொடங்கி, முற்றிலும் படுக்கையில் இருப்பவருக்கு நான்கு வரை மதிப்பிடுகின்றனர். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுத்தே இருப்பவருக்குக் கடுமையான கீமோ நன்மையைவிடத் தீங்கையே மிகுதியாகச் செய்யக்கூடும். மருத்துவர் கேட்கும்போது “நல்லாத்தான் இருக்கேன்” என்று நிமிர்ந்து உட்காரும் கணவர், வீட்டில் ஓர் இட்லிகூட முழுதாக உண்பதில்லை என்பதும், கழிப்பறைவரை நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறார் என்பதும் மனைவிக்கு மட்டுமே தெரியும். ஆகையால் துணைவர் வெறும் துணைக்கு வந்தவராக இருந்துவிடாமல், சிகிச்சையின் அளவையே தீர்மானிக்கும் சாட்சியாகப் பேச வேண்டும் என்பதைப் பணியாளர் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கிறார்.

சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டதும் கேட்க வேண்டிய கேள்வி, “இது எதற்காகத் தரப்படுகிறது?” என்பது. நோயை முற்றிலும் நீக்குவதற்கா, வாழ்நாளை நீட்டிப்பதற்கா, வலியையும் மூச்சுத் திணறலையும் குறைப்பதற்கா என்னும் மூன்றில் எது நோக்கம் என்று தெரிந்துகொண்ட குடும்பமே, பக்கவிளைவுகளையும் செலவையும் அதனோடு சீர்தூக்கிப் பார்க்க முடிகிறது. எலும்பில் பரவிய புற்றுநோயால் வரும் வலிக்கு, மக்கள் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சை 8 கிரே அளவில் ஒரே நாளில் கொடுப்பதும், பல நாள்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் ஏறத்தாழச் சமமானவை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே வேளை பெற்றவர்களில் சற்றுக் கூடுதலானோருக்குப் பின்னர் மீண்டும் தேவைப்படலாம் என்பது மட்டுமே வேறுபாடு. நோக்கம் வலி நீக்கம்தான் என்று தெரிந்த துணைவர், “ஒரே நாளில் முடிக்க இயலுமா?” என்று கேட்டு நோயாளியின் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கிறார்.

மருந்தின் விலையே பல குடும்பங்களின் நம்பிக்கையை முதலில் குலைப்பது. ஆனால் இந்திய நோயாளிகளுக்கு இவ்வகையில் கிடைத்துள்ள வெற்றிகள் சிறியவை அல்ல. ஒருவகை இரத்தப் புற்றுநோயை நாள்தோறும் மாத்திரையால் கட்டுப்படுத்தும் இமாட்டினிப்புக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அம்மறுப்பை உறுதிசெய்ததால், உள்நாட்டு நிறுவனங்கள் மிகக் குறைந்த விலையில் அம்மருந்தைத் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப் மருந்தை உள்நாட்டில் தயாரிக்க 2012இல் வழங்கப்பட்ட கட்டாய உரிமத்தால், மாதத்துக்கு 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாயாகக் குறைந்தது. டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நோயெதிர்ப்பு மருந்தான நிவோலுமாபை வழக்கமான அளவில் ஒரு சிறு பகுதியாகிய 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மலிவான மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்களின் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. ஆகவே, “இவ்வளவு விலையில் எங்களால் இயலாது” என்று சொல்லிவிட்டு எழுந்து செல்லாமல், “இதற்கு இணையான உள்நாட்டு மருந்து உண்டா, குறைந்த அளவில் ஆய்வு நடந்திருக்கிறதா?” என்று கேட்பது துணைவரின் உரிமை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்குத் தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு வழங்குகிறது. நகையை அடகு வைப்பதற்கு முன்பே குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் காப்பீட்டு அலுவலரைச் சந்திக்க வேண்டும்; பணம் தீர்ந்த பிறகு காப்பீட்டை நினைவுகூர்வதே வழக்கமாக நேரும் சோகம். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில்வே கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை மருத்துவமனையிலேயே கேட்டுப் பெறலாம்.

வழக்கமான மருந்துகள் பயனளிக்காதபோது மருத்துவ ஆய்வுகள் ஒரு வழியாகின்றன. முதற்கட்ட ஆய்வு பாதுகாப்பான அளவைக் கண்டறிவதற்கு, இரண்டாம் கட்டம் பயன் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு, மூன்றாம் கட்டம் நடைமுறையிலுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவதற்கு. இந்தியாவில் நடைபெறும் ஆய்வுகள் 2007இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவுசெய்யப்படுகின்றன; 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்தாய்வால் விளையும் பாதிப்புக்கு மருத்துவமும் இழப்பீடும் பெறப் பங்கேற்பாளருக்கு உரிமை உண்டு. புதிய சிகிச்சைகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் துணைவர்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடிவருகின்றனர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மையமும் உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 அத்தகையது. நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களை வெளியே எடுத்து, நோயை இனங்காணும்படி மாற்றியமைத்து மீண்டும் செலுத்தும் அந்தச் சிகிச்சை பி செல் வகை இரத்தப் புற்றுநோய்களுக்கு உரியதேயன்றி, நுரையீரல் புற்றுநோய்க்கோ வயிற்றுப் புற்றுநோய்க்கோ உரியதன்று. எந்த வகை என்ற முதற்கேள்வியின் விடையை மனத்தில் இருத்தியிருப்பவர் இத்தகைய ஏமாற்றங்களிலிருந்து காக்கப்படுகிறார். முள்சீத்தாவையும் மூலிகைச் சூரணங்களையும் நம்பி மருத்துவத்தை நிறுத்துவது இதனினும் கொடியது. வேறு ஏதேனும் உட்கொண்டால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றுள் சில கல்லீரலைக் கெடுத்து, தொடரவேண்டிய கீமோவையே தடுத்துவிடுகின்றன.

இவை அனைத்தையும்விடக் கடினமானது வீட்டுக்குள் நிகழும் மறைப்பு. “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு விட்டுடுவார்” என்று தாழ்வாரத்தில் கையைப் பற்றிக்கொண்டு கேட்கும் மனைவியரையும், “அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா” என்று சொல்லும் கணவரையும் இத்தொழிலில் இருப்போர் ஓயாமல் சந்திக்கின்றனர். அன்பிலிருந்தே பிறக்கும் அந்த வேண்டுகோளைப் பணியாளர் கடிந்துகொள்வதில்லை. ஆனால் முடி உதிர்வதையும், உடல் மெலிவதையும், உறவினர்கள் திடீரென்று பழங்களோடு வந்துபோவதையும் காணும் நோயாளி உண்மையைப் பெரும்பாலும் உணர்ந்தே இருக்கிறார் என்பதையும், இருவரும் அறிந்த ஒன்றை இருவரும் ஒளிக்கும்போது இருவருமே தனிமைப்பட்டுப் போகின்றனர் என்பதையும் அவர் மெதுவாக உணர்த்துகிறார். துயரச் செய்தியைச் சொல்லும் முறையை ஆறு படிகளாக வகுத்து 2000இல் வெளியிடப்பட்ட ஸ்பைக்ஸ் நெறியும், எதையும் சொல்வதற்கு முன்னர் நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்கவும், பிறகு எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்கவுமே கற்பிக்கிறது. “உங்களுக்கு என்ன உடம்புன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க?” என்ற ஒரு கேள்வி போதும், விரும்புபவர் தாமே பேசத் தொடங்குகிறார், விரும்பாதவர் “அதையெல்லாம் அவகிட்டயே சொல்லுங்க” என்று முடித்துக்கொள்கிறார், இரண்டையும் மதிக்க வேண்டும். உண்மை தெரிந்தபின் நொறுங்கிப்போவார் என்று அஞ்சப்பட்ட பலர், மகளின் படிப்பைப் பற்றியும் நிலத்தின் பத்திரத்தைப் பற்றியும் தம் மனைவியோடு தெளிவாகப் பேசத் தொடங்கியதையே அனுபவம் காட்டுகிறது.

ஆதரவுச் சிகிச்சை எனப்படும் பேலியேட்டிவ் கேர், எல்லா மருந்தும் பொய்த்த பிறகு கடைசி நாள்களுக்கு உரியது என்ற எண்ணம் மிகப் பரவலாகவும் மிகத் தீங்காகவும் இருக்கிறது. உடல்வலியோடு மனவேதனை, குடும்பக் கவலை, வாழ்வின் பொருளைப் பற்றிய கலக்கம் ஆகியவையும் சேர்ந்ததே நோயாளியின் முழுமையான வலி என்று விளக்கியவர், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ். பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் பாஸ்டனில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது. இறுதிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளை அவர்களில் குறைவானோரே பெற்றனர். அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதங்களாகவும், மற்றவர்களுடையது 8.9 மாதங்களாகவும் இருந்தது. இடைநிலை என்பது பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் வாழ்ந்ததைக் குறிக்கும் அளவே தவிர, எந்த ஒரு நோயாளிக்கும் குறித்துக்கொடுத்த கெடு ஆகாது என்பதையும் துணைவர் அறிந்திருக்க வேண்டும்.

கடும் வலிக்கு மார்ஃபின் தரப்படும்போது, அது போதைப் பழக்கமாகிவிடும், உயிரைச் சுருக்கிவிடும் என்ற அச்சங்கள் எழுகின்றன. வலிக்காக, மருத்துவர் குறித்த அளவில், நேரம் தவறாமல் கொடுக்கப்படும் மார்ஃபினால் அடிமைப்பழக்கம் உண்டாவது அரிது. மலச்சிக்கலே அதன் தொடர்ந்த பக்கவிளைவு என்பதால் அதற்குரிய மருந்தையும் உடன் கேட்டுப் பெற வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகளால் நெடுங்காலம் நோயாளிகளுக்கு எட்டாதிருந்த இம்மருந்து, டாக்டர் எம். ஆர். இராஜகோபால் முதலானோரின் விடாமுயற்சியைத் தொடர்ந்து 2014இல் செய்யப்பட்ட திருத்தத்தால் எளிதாகக் கிடைக்க வழி ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட இயலாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் அடங்கியிருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். செயற்கைச் சுவாசம் போன்றவை தமக்கு வேண்டுமா என்பதை நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதற்கான நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது.

நோயாளியைத் தாங்குபவரையும் யாரேனும் தாங்க வேண்டும். தம்முடைய சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியர் எல்லாப் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் உள்ளனர். வாரத்தில் ஓர் இரவாவது மகனோ கொழுந்தனாரோ வந்து அவரை வீட்டுக்கு அனுப்பி உறங்கச் செய்தால், அதுவும் சிகிச்சையில் சேர்த்தியே.

தம் கணவருக்கோ மனைவிக்கோ முற்றிய புற்றுநோய் என்று கேள்விப்பட்டவர் இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டும்: நோய் எந்த வகை, மரபணுச் சோதனை செய்யப்பட்டதா, சிகிச்சையின் நோக்கம் என்ன, மலிவான மாற்று உண்டா, ஆய்வுகள் ஏதேனும் பொருந்துமா, ஆதரவுச் சிகிச்சையை இன்றே தொடங்கலாமா, நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார். குணமாகும் என்ற உறுதியை யாராலும் எல்லோருக்கும் தர இயலாது. ஆனால் வலியின்றியும், ஏமாற்றப்படாமலும், தம் துணையோடு மனம்விட்டுப் பேசியும் வாழும் நாள்களை ஏறத்தாழ ஒவ்வொரு நோயாளிக்கும் பெற்றுத்தர இன்றைய மருத்துவத்தால் இயலும். அதைக் கேட்டுப் பெறத் துணைவர்கள் தயங்கவே கூடாது.